‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கணக்கை முடிக்காதீர்கள்: குமரி மாவட்டச் சிறுதொழில் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உரிமையாளர்களே, ஒப்பந்தக்காரர்களே,

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் ரப்பர் ஷீட் கூடங்களும் மர அறுவை மில்களும் நடத்துகிறவர்கள், அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரிப்பருப்பு ஆலை நடத்துகிறவர்கள், நாகர்கோவிலைச் சுற்றி மீன்வலைக் கம்பெனி வைத்திருப்பவர்கள், தோவாளைப் பக்கம் செங்கல் சூளை போட்டிருப்பவர்கள், மயிலாடியில் கல் பட்டறை வைத்திருப்பவர்கள், மாவட்டம் முழுவதும் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் வணக்கம். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் உங்களிடம்தான் வேலை செய்கிறார்கள்; சிலர் உங்களைப் போலவே உரிமையாளர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆவணியில் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தார். அழைப்பிதழை இடக்கையால் நீட்டியவர், “இடது கையால தாறேன்னு தப்பா நினைக்காதீங்க சாரே” என்றார். அவருடைய வலக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நடுவில் இருந்த மூன்று விரல்களும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ரப்பர் ஷீட் கூடத்தின் ரோலரில் போய்விட்டன. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, “என் கவனக்குறைவுதான் சாரே, முதலாளியக் குத்தம் சொல்லக் கூடாது” என்று அவரே சொன்னார். விபத்து நடந்த அன்று பதிவேட்டில் எழுதப்பட்ட வாசகமும் அதுவே: கவனக்குறைவு.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கூடத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். உறைந்த ரப்பர் பால் பாளத்தை அவர் உள்ளங்கையால் அழுத்தி, மோட்டாரில் ஓடும் இரண்டு ரோலர்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டிருந்தார். ரோலர்களுக்கு முன்னால் தட்டு இல்லை, மேலே மறைப்பும் இல்லை. தரை முழுவதும் பால் பிரிந்த தண்ணீர் வழுக்கியது. மோட்டாரின் சுவிட்ச் வாசலை ஒட்டிய சுவரில் இருந்தது. மிஷினில் கை வைத்தபடி நிற்பவரால் அதை எந்த விதத்திலும் எட்ட முடியாது. இவையெல்லாம் என் கண்ணில் பட்டன. பிறருடைய கூடத்தில் போய்க் குறை சொல்வது மரியாதையாகாது என்று எண்ணி, அவர்கள் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு அவர் கை மாட்டியபோது, உடன் வேலை செய்தவர் சுவிட்சை நோக்கி ஓடி, ஈரத்தில் வழுக்கி விழுந்து, எழுந்துபோய் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று பேசாமல் வந்ததற்காகத்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்நோக்கிச் சுழலும் இரண்டு ரோலர்கள் சேரும் இடத்தில் விரல் நுனி பட்டால், மனிதன் கையை இழுத்துக்கொள்வதற்குள் அது விரலை இழுத்துக்கொண்டுவிடும். ஈரமான ரப்பர் பாளம் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஷீட்டுகளைத் தள்ளும் ஒருவர், விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு வந்து நிற்கும் ஒருவர், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கவனத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறான கணக்கு. கவனம் என்பது காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரியும், பிற்பகல் மூன்று மணிக்கு வேறு மாதிரியும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் இன்னொரு மாதிரியும் இருக்கும். மிஷின் எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் ஓடும். ஆகவே, மனிதன் கவனம் தவறினாலும் விரல் போகாதபடி மிஷினை அமைப்பதுதான் பாதுகாப்பு. கை நீளத்தைவிட நீளமான ஒரு சாய்வுத் தட்டை ரோலருக்கு முன்னால் பொருத்தி, அதன் மேற்பகுதியை மூடிவிட்டால், பாளம் தட்டில் சறுக்கிப் போய்ச் சேரும், கை போய்ச் சேராது. நிற்பவரின் முழங்காலோ தொடையோ பட்டால் மோட்டார் நின்றுவிடும்படி ஒரு குறுக்குக் கம்பியை நிறுத்து சுவிட்சோடு இணைக்கலாம். சிவப்புக் குமிழ் போன்ற அவசர நிறுத்து பொத்தானை எட்டும் தூரத்தில் வைக்கலாம். ரோலரைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் இருந்தால் மாட்டிய கையை விடுவிக்க முடியும். தகர வேலை தெரிந்த ஒருவரும் எலக்ட்ரீஷியன் ஒருவரும் சேர்ந்தால் ஓரிரு நாளில் முடியக்கூடிய வேலை இது. மின்சாரக் கடைகளில் கிடைக்காத பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

பாதுகாப்பைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மறைப்பு, வேலி, காற்றோட்டம் போன்றவற்றால் மனிதனையும் ஆபத்தையும் பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் வேலை முறையை மாற்றுவதும், பயிற்சி கொடுப்பதும், எச்சரிக்கைப் பலகை வைப்பதும் வருகின்றன. கையுறை, தலைக்கவசம், முகமூடி ஆகியவை கடைசிப் படி. நம் ஊர்க் கூடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரு பெட்டிக் கையுறை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, “பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். ஓடும் ரோலருக்கும் துளைக்கும் மிஷினுக்கும் அருகில் கையுறையே ஆபத்து. துணியின் நுனியைப் பிடித்து மிஷின் முழுக் கையையும் இழுத்துவிடும். அங்கே மறைப்புத்தான் கைக்குக் காவல்.

ஓடிக்கொண்டிருக்கும் மிஷினைத் துடைப்பது, எண்ணெய் இடுவது, சிக்கியதை எடுப்பது ஆகிய மூன்று வேலைகளும் நான் அறிந்த கை விபத்துகளில் பெரும்பகுதிக்குக் காரணமானவை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவில், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான மறைப்பு இருக்க வேண்டும் என்றது. 22-ஆவது பிரிவில், ஓடும் இயந்திரத்தின் அருகே சோதனையோ எண்ணெய் இடுதலோ தேவைப்பட்டால், தனிப் பயிற்சி பெற்றவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்து செய்ய வேண்டும் என்றது. எங்கள் பயிற்சிக் கூடத்தில் இதற்கு இன்னும் எளிய விதி ஒன்று வைத்திருந்தோம். மிஷினில் கை வைப்பதற்கு முன் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்; வேலை முடிந்த பிறகு, கழற்றியவரே திரும்ப மாட்ட வேண்டும். நான் பின்னால் வந்து நின்று, “மக்கா, ஃபியூஸ் எங்க?” என்று கேட்பேன், பையன் பையைத் தட்டிக் காட்ட வேண்டும். இன்று பெரிய ஆலைகளில் பூட்டும் அட்டையும் போட்டுச் செய்வது இதே காரியத்தைத்தான். உங்கள் கூடத்தில் மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு வாங்கி, பழுது பார்ப்பவர் கையில் அதன் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டால், அவர் உள்ளே கை விட்டிருக்கும்போது வெளியிலிருந்து வரும் யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட முடியாது.

இந்தச் சட்டமெல்லாம் எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்குப் பொருந்தாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். 1948 சட்டத்தின்படி மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆகவும் 40 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. நம் மாவட்டத்துக் கூடங்களில் எத்தனையோ இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். சட்டத்தை இயற்றியவர்களோடு எனக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து எதுவாயினும், ரோலர் ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. 6 பேர் வேலை செய்யும் கூடத்திலும் அது அதே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆய்வாளர் வர மாட்டார் என்ற காரணத்தால் அந்த 6 பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

அண்டி ஆபீஸ் வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுடைய பாடு விபத்துக் கணக்கில் வருவதே இல்லை. கொல்லாங்கொட்டை எனும் முந்திரிக்கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய், சேங்கொட்டையின் பாலைப் போலவே தோலைப் புண்ணாக்கும். இரண்டு மரங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொட்டை உடைக்கும் அக்காமாரின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. சாம்பலையும் தேங்காய் எண்ணெயையும் தடவிக்கொண்டு அவர்கள் சமாளிக்கிறார்கள். “கையுறை வாங்கிக் கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை” என்று முதலாளிமார் சொல்வது உண்மைதான். ஆனால் ஏன் போடுவதில்லை என்ற அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். கையுறை போட்டால் பருப்பு விரலுக்குப் பிடிபடாது, உடைப்பு குறையும். கிலோ கணக்கில் கூலி என்பதால் குறையும் ஒவ்வொரு கிலோவும் வீட்டுச் செலவில் விழும் துண்டு. அப்படியென்றால் அந்தப் புண்ணுக்குக் காரணம் எண்ணெய் மட்டுமா, கூலிக் கணக்கும் சேர்ந்ததா? கையுறையோடு ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு உடைக்க முடியும் என்று அளந்து பார்த்து, அந்த அளவுக்கு முழுக் கூலி கிடைக்கும்படி கிலோ விலையைத் திருத்துங்கள். யாரும் சொல்லாமலே கையுறை போடுவார்கள். விரல் நுனியோடு பொருந்தும் மெல்லிய கையுறையைத் தேடி வாங்குங்கள். கையுறை முடியாத இடத்தில் கைக்குத் தடவ ஆமணக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஆபீஸ் செலவில் கொடுங்கள். அதை இடைவேளைக்குப் பிறகும் மறுபடி தடவ நேரம் கொடுங்கள். சோறு உண்பதற்கு முன் கழுவச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

அதே பெண்கள் காலையிலிருந்து மாலை வரை தரையில் குந்தியிருக்கிறார்கள். நாற்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களை எந்தப் பதிவேடும் விபத்து என்று எழுதாது. மேசையும் முதுகுச் சாய்வுள்ள இருக்கையும் போட்டு, காலால் மிதித்து உடைக்கும் கருவியைக் கொடுத்தால் இடுப்பும் முழங்காலும் தப்பும். இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை தூரத்தில் இருந்தாலோ, சுத்தமில்லாமல் இருந்தாலோ, எழுந்து போனால் உடைப்பு குறையும் என்றாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. பருப்பு உலர்த்தும் போர்மாவின் வெப்பத்துக்கு அருகில் நிற்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. ஒரு சுத்தமான கழிப்பறையும், கேள்வி கேட்காமல் எழுந்து போகும் உரிமையும், மறைப்புத் தகரத்தைப் போலவே பாதுகாப்புச் சாதனங்கள்தான்.

பருப்பு களவு போகும் என்று அஞ்சி, வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25 அன்று ஒரு சட்டை தைக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. துணி களவு போகக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், இரவு ஷிஃப்டில் ஆட்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டும் கூடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு போடலாம். வெளியே ஒரு காவலாளை வைக்கலாம்.

வலைக் கம்பெனிகளிலும் மர மில்களிலும் பெல்ட், சங்கிலி, சுழலும் தண்டு ஆகிய மூன்றும் திறந்து கிடக்கக் கூடாது. துப்பட்டாவின் நுனியோ பின்னலின் நுனியோ ஒரு தண்டில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. தலைமுடியைக் கட்டித் தொப்பி போடுவதும், சேலைக்கும் துப்பட்டாவுக்கும் மேல் பொத்தான் வைத்த மேலங்கி போடுவதும் தேவைதான். அதற்கு முன் தண்டுக்கு மூடி வேண்டும். மர அறுவையில் கடைசி ஒரு சாண் மரத்தை விரலால் தள்ளாமல், தள்ளுவதற்கென்று ஒரு கட்டையை எப்போதும் மிஷினோடு கட்டி வையுங்கள். வலை மிஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவைத் தொட்டுவிட்டது என்று பொருள். போன செவிப்புலன் எந்த மருத்துவத்தாலும் திரும்பாது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருகின்றன. விவசாயிக்கு அது வரம். மின்சாரத்தோடு வேலை செய்பவருக்கு ஆண்டில் பாதி நாள் ஈரம். கடலோரத்தில் உப்புக் காற்று எர்த் கம்பியின் இணைப்பை அரித்துவிடுகிறது. பங்குனி சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடுகிறது. “அந்த மோட்டார் லேசா உதறும், செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு” என்று சொல்லும் கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். லேசாக உதறும் மோட்டார் என்று ஒன்று கிடையாது. இன்று காய்ந்த தரையில் உதறுவது நாளை நனைந்த தரையில் கொல்லும். நிலையான மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும். அதற்கு மேல், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளின் இணைப்பில் பொருத்துங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டட வேலையில் கட்டிங் மிஷினின் வயர் ஒட்டுப்போட்ட நிலையில் சேற்றில் கிடப்பதையும், பிளக் இல்லாமல் வயரின் நுனியைத் தீக்குச்சியால் சொருகுவதையும் அந்தந்த மேஸ்திரி அன்றைக்கே நிறுத்த முடியும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேங்காயும் பலாவும் பறிக்கும் நீண்ட கோலான தோட்டியை இரும்புக் குழாயிலோ அலுமினியக் குழாயிலோ செய்யாதீர்கள். மேலே போகும் மின்கம்பி இலைகளுக்குள் மறைந்திருக்கும். காய்ந்த மூங்கில் தோட்டியாக இருந்தாலும் மின்கம்பிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

மழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் இன்னொரு ஆபத்து ஏறி நிற்கிறது. கூரையின் ஒழுகலை அடைக்க யாராவது ஒருவரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏற்றுகிறோம். பழைய ஷீட் பார்ப்பதற்குக் கல் போல இருக்கும். ஆள் எடை தாங்காது. வெளிச்சத்துக்காக இடையில் போட்ட பிளாஸ்டிக் ஷீட் பாசி படிந்து மற்றதோடு நிறம் ஒன்றிப் போயிருக்கும். அதில் கால் வைத்தவர் நேராகத் தரைக்குத்தான் வருவார். முடிந்தவரை கூரையின் மேல் ஏறாமல், உள்ளிருந்து சாரம் கட்டிப் பழுது பாருங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் உள்ள சட்டங்கள் இரண்டையாவது தொட்டுக் கிடக்கும்படி அகலப் பலகை போட்டு அதன் மேல் மட்டும் நடக்க வேண்டும். இடுப்பில் கட்டும் கயிற்றை உறுதியான உத்தரத்தில் கட்ட வேண்டும். ஏணியைச் சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே வரும்படி அடியை வைத்தால் அது பின்னாலும் சாயாது, அடியிலும் வழுக்காது.

மயிலாடிக் கல் தச்சர்களின் கையை இந்த மாவட்டமே போற்றுகிறது. அவர்களுடைய நுரையீரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உளி மட்டும் இருந்த காலத்தில் சில்லு தெறித்தது. இப்போது கிரைண்டர் வந்த பிறகு மாவு போன்ற தூசி எழுகிறது. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோய்க்கு மருந்து இல்லை. அது உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் வருகிறது. இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோல இருப்பதால், காசநோய் என்று மட்டும் நினைத்து மருத்துவம் செய்துவிட்டுத் திரும்பவும் அதே தூசியில் வந்து அமர்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் ஆழமாகப் போகிறது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் சொட்டுத் தண்ணீர் விழும்படி ஒரு குழாய் அமைத்தால் தூசி எழும்பும் முன்பே சேறாகிவிடும். ஆனால் ஈரத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த கருவியையோ காற்றில் ஓடும் கருவியையோதான் அங்கே பயன்படுத்த வேண்டும், சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் பட்டால் மின்சாரம் தாக்கும். கல்குவாரி, கிரஷர் நடத்துகிறவர்களும் துளையிடும்போதே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். உங்களிடம் வேலை செய்பவர் மருத்துவரிடம் போகும்போது, “நான் கல் வேலை செய்கிறேன்” என்று முதலில் சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நான் எழுத நினைத்தவற்றில் மிகவும் அஞ்சுவது தொட்டிகளையும் கிணறுகளையும் பற்றி. ரப்பர் பாலைச் செறிவாக்கும் இடங்களில் கழிவுநீர்த் தொட்டி, வீடுகளில் செப்டிக் டேங்க், மூடிக் கிடக்கும் பழைய கிணறு ஆகிய எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் குதிக்கிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். இறப்பவர்களில் காப்பாற்றப் போனவர்களும் இருப்பார்கள். பல வேளைகளில் அவர்கள் அண்ணன் தம்பிகளாக இருப்பார்கள். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே அது அழித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அதன் உச்சத்தில்தான் இறங்குகிறார். நம் பெரியவர்கள் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். தீபம் அணைந்தால் இறங்க மாட்டார்கள். காற்றில் உயிர்வளி குறைந்திருப்பதை அது காட்டக்கூடும். நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் தேங்கியிருந்தால் அந்தத் தீபமே வெடிக்கச் செய்யும். ஆகவே வாயு அளக்கும் கருவி இல்லாமல், ஊதுகுழாய் வைத்துக் காற்று மாற்றாமல், இடுப்பில் பட்டையும் கயிறும் கட்டாமல், அந்தக் கயிற்றைப் பிடித்து மேலே ஓர் ஆள் நிற்காமல், யாரையும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறக்காதீர்கள். செப்டிக் டேங்கிலும் கழிவுநீர்க் குழியிலும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்த மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உறிஞ்சும் வண்டி வரவழைக்க ஆகும் செலவை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மனிதனை உள்ளே அனுப்புவதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கடல்தொழிலைப் பற்றி நான் எழுதவில்லை. 2017 ஒக்கிப் புயலில் இந்தக் கரை இழந்த உயிர்களை நினைத்தால் அது தனியே எழுதப்பட வேண்டியது, கடலை அறிந்தவர்கள் எழுத வேண்டியது.

சூளைகளிலும் கட்டட வேலையிலும் இன்று ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குச் சுவரில் இருக்கும் கோடு மட்டுமே. “சரி, சரி” என்று தலையாட்டுகிறவருக்குப் புரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் சொன்னதை அவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். படம் வரைந்து வையுங்கள். தமிழும் தெரிந்த மூத்தவர் ஒருவரை அவர்களிலிருந்தே பொறுப்பாக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விபத்து நடக்கலாம். துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, காயம்பட்டவரோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். தீக்காயத்தில் பற்பசையோ மையோ தடவாமல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மலையோரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நேரமாகும். 108-ஐ அழைப்பவர் யார், வாகனம் எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும் இடங்களில் ஒரு தொழிலாளியைக்கூட விட்டுவிடாமல் பதிவு செய்யுங்கள். அது பொருந்தாத இடங்களில் தொழிலாளர் நல வாரிய உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க அரை நாள் கூலியோடு விடுப்புக் கொடுங்கள். என் மாணவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் சட்டையில் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அதைவிட, திங்கட்கிழமை தோறும் வேலை தொடங்கும் முன் 10 நிமிடம் ஆட்களோடு நின்று, “போன வாரம் எங்கே மயிரிழையில் தப்பினீர்கள்?” என்று கேட்டு, சொல்பவரைத் திட்டாமல் ஒரு நோட்டில் எழுதிவைப்பது அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். எந்த மிஷினில் மறைப்பு இல்லை என்பது உங்களைவிட அதில் நிற்பவருக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்வார்கள். சொன்னதை அடுத்த திங்களுக்குள் சரிசெய்தால் மறுமுறையும் சொல்வார்கள். அதன் பிறகும் ஒரு விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை எழுதாமல், சுவிட்ச் எத்தனை அடி தூரத்தில் இருந்தது, மறைப்பு எப்போது கழற்றப்பட்டது, அந்த ஆள் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று எழுதுங்கள்.

எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு வட்டங்களில் யார் அழைத்தாலும் சனிக்கிழமைகளில் வந்து, உங்கள் மிஷின்களை அளந்து, தட்டுக்கும் மறைப்புக்கும் வரைபடம் போட்டுத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். அந்த ரப்பர் கூடம் இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. முதல் சனிக்கிழமை அங்கே போகிறேன். என் மாணவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் பயிற்றுநர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.